சமூகவியல் படிக்க வெளிநாடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தென் மாவட்டங்களில் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர்களைப் பற்றி வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதா, இங்கிலாந்துக்கா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: நாட்டை முடிவு செய்யும் முன், எந்தத் துறை என்பதை முடிவு செய்யுங்கள். சாதி, உறவுமுறை, கிராமம் என்றால் நம் பல்கலைக்கழகங்களில் அது சமூகவியல் துறையின் வேலை. அமெரிக்கச் சமூகவியல் துறைகளில் பெரும்பாலான பேராசிரியர்கள் தங்கள் நாட்டுச் சமூகத்தையே ஆராய்கிறார்கள்: நிறவெறி, குடியேற்றம், பள்ளிக்கல்வி, சிறை, வருமான ஏற்றத்தாழ்வு. ஒரு ஊரில் தங்கிச் சாதியையும் குடும்பத்தையும் ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் மானிடவியல் துறையிலோ தெற்காசிய ஆய்வு மையங்களிலோ இருப்பார்கள். இதைப் பார்க்காமல் விண்ணப்பித்தால், ஆய்வுத் திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வழிகாட்ட ஆளில்லை என்பதற்காகவே நிராகரித்துவிடுவார்கள். காரணத்தைக் கடிதத்தில் எழுதவும் மாட்டார்கள். விண்ணப்பித்தவர் தன் தகுதியில் குறை என்று நினைத்துக்கொள்வார்.

விதிவிலக்குகள் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிரவுன், பெர்க்லி ஆகிய இடங்களின் சமூகவியல் துறைகளில் இந்தியாவை ஆராய்ந்து பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தைத் தாண்டி ஸ்காட்லாந்தையும் பாருங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில் ஹியூகோ கோரிஞ்ச் பல ஆண்டுகளாகத் தமிழகத் தலித் இயக்கங்களைப் பற்றி எழுதிவருகிறார். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு நவீன இந்திய ஆய்வு மையம் ஒன்று தனியாகவே உண்டு.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கத் தரவரிசைப் பட்டியல் உதவாது. உங்கள் எம்.ஏ. ஆய்வேட்டில் அதிகம் மேற்கோள் காட்டிய ஐந்து கட்டுரைகளை எடுங்கள். எழுதியவர்கள் இப்போது எந்தத் துறையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழிகாட்டியவர் யார், அவர்களிடம் படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடுங்கள். ஒரு வார வேலைதான். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் தேறும். அவர்களில் ஓய்வு பெற்றவர்கள், நீண்ட விடுப்பில் இருப்பவர்கள், இந்த ஆண்டு புது மாணவர்களை எடுப்பதில்லை என்று தம் பக்கத்தில் அறிவித்திருப்பவர்கள் எல்லோரையும் நீக்கினால் மிஞ்சுகிற பெயர்கள்தான் உங்கள் பட்டியல்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு ஐந்து முதல் ஏழு ஆண்டு எடுக்கும். முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்ட ஒப்புதல், அதன் பின்தான் களப்பணி. நல்ல துறைகளில் இடம் கிடைத்தாலே கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே வரும். பதிலுக்கு வகுப்பு உதவியாளராக வேலை செய்ய வேண்டும். பிரிட்டனில் மூன்று அல்லது நான்கு ஆண்டுதான். ஆனால் விண்ணப்பிக்கும்போதே 1,500 முதல் 2,000 சொற்களில் கூர்மையான ஆய்வுத் திட்டம் கேட்பார்கள். இடம் தருவது வேறு, பணம் தருவது வேறு. இடம் மட்டும் கிடைத்துப் பணம் கிடைக்காமல் போவது அங்கே சர்வ சாதாரணம். பிரிட்டனில் முன்கூட்டியே வழிகாட்டிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிச் சம்மதம் பெறுவது ஏறக்குறைய கட்டாயம். அமெரிக்காவில் சேர்க்கைக் குழுதான் முடிவெடுக்கும். கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் கேள்வி இன்னும் முழு வடிவம் பெறவில்லை என்று தோன்றினால் அமெரிக்கா ஏற்றது, அங்கே வடிவம் பெற இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. எம்.ஏ.விலேயே களப்பணி செய்து, கேள்வி தெளிவாகிவிட்டது என்றால் எடின்பரோ, கோட்டிங்கன் பக்கம் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு கட்டாயமா?
– மாணவர், வேலூர்

பதில்: 2020-க்குப் பிறகு அமெரிக்கச் சமூகவியல் துறைகளில் பல அதைக் கைவிட்டுவிட்டன அல்லது விருப்பத்துக்கு விட்டுவிட்டன. ஐரோப்பாவில் பெரும்பாலும் கேட்பதில்லை. எந்தெந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று முதலில் பட்டியல் போடுங்கள்; அதில் ஒன்றும் கேட்காவிட்டால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அமெரிக்க விண்ணப்பக் கட்டணமே ஒவ்வொரு இடத்துக்கும் நூறு டாலரை ஒட்டி வரும். கட்டணத் தள்ளுபடி கேட்டு, கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்டால் தருகிற இடங்கள் பல உண்டு, நம் மாணவர்கள்தான் கேட்பதில்லை.

கேள்வி: என் மகளுக்கு லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. சமூகவியலில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை இல்லை. வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் ஏஜென்ட். அனுப்பலாமா?
– தந்தை, திண்டுக்கல்

பதில்: கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள் ஐயா. லண்டனில் இந்தப் படிப்புக்குக் கட்டணம் பெரும்பாலும் 25,000 முதல் 30,000 பவுண்டு. 27,000 என்று வைப்போம். விசாவுக்கு லண்டன் வாழ்க்கைச் செலவாக மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும்: 13,761. படிப்புக் காலத்துக்குப் பின் தரும் கூடுதல் மாதங்களையும் சேர்த்து மருத்துவ வரி 1,164. விசாக் கட்டணம் 2025-இல் 524. ஆக 42,449 பவுண்டு. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்று கொண்டால் கிட்டத்தட்ட 49 லட்சம். விமானச் செலவும், மீதி மூன்று மாத வாழ்க்கைச் செலவும் இதில் இல்லை. லண்டனுக்கு வெளியே மாதச் செலவு 1,171 பவுண்டு. கட்டணம் 22,000 உள்ள இடம் என்றால் மொத்தம் 39 லட்சத்துக்கு மேல் வரும்.

40 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி, பத்தாண்டு தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 55,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. திரும்பி வந்து இங்கே ஆய்வு நிறுவனத்திலோ தொண்டு நிறுவனத்திலோ சேர்பவர்களின் தொடக்கச் சம்பளம் அந்தத் தவணைக்கே போதாமல் போகும் வாய்ப்பு அதிகம். அங்கேயே வேலை தேடலாம் என்றால், படிப்புக்குப் பிந்தைய விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அதற்குப் பிறகு தங்க, வேலை தரும் நிறுவனமே விசாவுக்கு முன்வர வேண்டும். அதற்கான சம்பள வரம்பு பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. சமூகவியல் முதுகலைக்குக் கிடைக்கும் தொடக்க வேலைகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. மென்பொருள் படித்த பிள்ளைகளின் கணக்கை இதில் போட்டுப் பார்க்கக் கூடாது.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம்: வீட்டை அடகு வைத்து இந்தப் படிப்புக்கு அனுப்ப வேண்டாம். படிப்பு மதிப்புள்ளது, உங்கள் மகள் தேர்ந்தெடுத்ததிலும் தவறில்லை. கடன்தான் அவர் பிறகு எந்த வேலையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பறித்துவிடும். இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஓராண்டில் ஒரு ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்துகொண்டே உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் உதவித்தொகை போன்ற வழிகளை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். சேர்க்கைக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்களைக் காட்டுவதுதான் அவர் தொழில்.

எப்படியும் பிரிட்டன்தான் என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் தொகை குறைந்தாலும் நிராகரிப்பார்கள். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். சொந்தப் பணத்தை ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும்போது வங்கி வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்து திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடன் தொகைக்கு அந்தப் பிடித்தம் கிடையாது.

கேள்வி: ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்கிறார்களே, உண்மையா? ஆங்கிலத்தில் சமூகவியல் படிக்கலாமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– பி.ஏ. மாணவர், விழுப்புரம்

பதில்: பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்மை. பருவத்துக்கு நூறு முதல் நானூறு யூரோ வரை நிர்வாகக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அதிலேயே அடங்கும். பாடன்–வூர்ட்டம்பர்க் மாநிலம் விலக்கு. ஃப்ரைபுர்க், ஹைடல்பர்க், ட்யூபிங்கன், கான்ஸ்டன்ஸ், மன்ஹைம் எல்லாம் அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

மொழிதான் பெரிய தடை. 1969-இல் தொடங்கிய பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் புலம், சமூகவியல் கோட்பாட்டாளர் நிக்லாஸ் லூமன் பணியாற்றிய இடம், உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த நாட்டில் 'சமூகவியல்' என்ற பெயரில் உள்ள முதுகலைகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில், சி1 என்ற உயர்நிலை மொழித் தேர்ச்சி கேட்பவை. ஆங்கிலத்தில் உள்ளவை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும்: உலக ஆய்வுகள், குடியேற்ற ஆய்வுகள், கோட்டிங்கனின் நவீன இந்திய ஆய்வுகள் என்று. ஆகவே பாடப்பெயரை வைத்துத் தேடாதீர்கள், பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்.

முதலில் ஏபிஎஸ் சான்றிதழ்: உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று டெல்லி ஜெர்மன் தூதரகத்தின் மதிப்பீட்டு மையம் தருவது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு விசா வேண்டுமென்றால் இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். மதிப்பெண் பட்டியல்களை அவர்கள் சரிபார்த்துத் தரச் சில வாரம் ஆகும், பரபரப்பான மாதங்களில் இன்னும் இழுக்கும். இறுதிப் பருவம் தொடங்கியதுமே போட்டுவிடுங்கள். இடம் கிடைத்த பின் ஏபிஎஸ் இல்லாமல் ஒரு பருவத்தை இழப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

அடுத்து விண்ணப்பம். சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்கும்; மற்றவை யூனி–அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. நம் மாணவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். சமூகவியலில் இத்தனை கிரெடிட் (படித்த அளவைக் காட்டும் பாட அலகு), ஆய்வு முறைகளிலும் புள்ளியியலிலும் இத்தனை கிரெடிட் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். நம் மதிப்பெண் பட்டியலில் தாளின் பெயர் மட்டும் இருக்கும். மணி நேரமோ உள்ளடக்கமோ இருக்காது. துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் வைத்த பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் இணையுங்கள். புள்ளியியல் தாள் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கும் முன் ஒன்றிய அரசின் ஸ்வயம் போன்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றுவையுங்கள். எல்லாத் துறையும் அதைக் கிரெடிட்டாக ஏற்காது. ஏற்கும் இடத்தில் அது முடிவையே மாற்றும்.

மதிப்பெண் மாற்றத்தையும் கவனியுங்கள். நூற்றில் இருந்து உங்கள் சதவீதத்தைக் கழித்து, மூன்றால் பெருக்கி, நூறுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுவார்கள். எண் சிறியதாக இருந்தால் நல்லது. 70 சதவீதம் எடுத்தவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 40 என்றால் 2.5 வரும், 50 என்று எடுத்துக்கொண்டால் 2.8. பல துறைகள் 2.5 வரை உள்ளவர்களைத்தான் எடுக்கும். எனவே உங்கள் பட்டத்தின் தேர்ச்சி மதிப்பெண் என்ன என்பது பட்டியலின் பின்பக்கத்திலோ தனிச் சான்றிதழிலோ தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுதி வாங்குங்கள்.

இடம் கிடைத்ததும் முடக்கக் கணக்கு. ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போன பின் மாதம் 992 யூரோ வீதம் திரும்பக் கிடைக்கும். அது கட்டணமல்ல, உங்கள் சொந்தச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கும் பதிவு செய்யுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். ஆண்டுக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யலாம், படிப்பு முடிந்த பின் வேலை தேடப் பதினெட்டு மாதம் தங்கலாம். ஆனால் ஜெர்மன் தெரியாமல் இந்தத் துறையில் அங்கே வேலை கிடைப்பது மிகக் கடினம். இப்போது பி.ஏ. இரண்டாம் ஆண்டு என்றால் இன்றே ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் வகுப்பில் சேருங்கள்.

கேள்வி: நான் பி.இ. மெக்கானிக்கல். இரண்டு ஆண்டு வேலை செய்கிறேன். சமூகவியலுக்கு மாற முடியுமா?
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். பிரிட்டனில் பல முதுகலைப் படிப்புகள் எந்தப் பட்டமும் போதும் என்கின்றன. உங்கள் நான்காண்டுப் பட்டம் அமெரிக்காவில் சாதகம், மூன்றாண்டு பி.ஏ.வை ஏற்காத துறைகள் அங்கே உண்டு. ஜெர்மனி மட்டும் கஷ்டம், மேலே சொன்ன கிரெடிட் விதி உங்களைத் தடுக்கும். நெதர்லாந்தில் குறைபாட்டை ஈடுசெய்ய முதுகலைக்கு முந்தைய ஓராண்டு படிப்பு சில இடங்களில் உண்டு, அதற்கும் தனிச் செலவு.

உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: ஏன் சமூகவியல்? 'மக்களுக்குச் சேவை செய்ய' என்று எழுதினால் சமூகப்பணித் துறைக்குப் போகச் சொல்வார்கள். உங்களுக்குக் கணக்கு வரும், அதைப் பயன்படுத்துங்கள். மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் என்சிஏஇஆர் பொருளாதார ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2004–05-இலும் 2011–12-இலும் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். இரண்டாவது சுற்றில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று கூட நேரடியாகக் கேட்டிருக்கிறார்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். ஒரு கேள்வியை எடுத்து – படித்த பெண்கள் உள்ள வீடுகளில் அந்த விடை மாறுகிறதா என்பது போல – பதினைந்து பக்கக் கட்டுரை எழுதுங்கள். ஆறு மாதம் ஆகும். சமூகவியல் பட்டம் இல்லாத குறையை அது பெருமளவு ஈடுகட்டும். கூடவே கோட்பாட்டில் சமூகவியல் முன்னோடிகளான டுர்கைம், வேபர், மார்க்ஸ், டு போய்ஸ் நால்வரையும் மூலநூல்களில் படியுங்கள்; வழிகாட்டிப் புத்தகம் மட்டும் படித்தவர்கள் நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுவார்கள்.

கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். அரசு உதவித்தொகையில் சாதி பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய முடியுமா?
– ஆய்வு மாணவர், கள்ளக்குறிச்சி

பதில்: இரண்டு வழிகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. வயது 35-க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், தகுதித் தேர்வில் 60 சதவீதம், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகம் என்பவை அடிப்படை. பழங்குடியினருக்கு வேறு அமைச்சகத்தில் 20 இடங்கள். ஆனால் 2022-இல் இதன் விதிகளில் ஒரு வரி சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைச் சார்ந்த சமூக ஆய்வுத் தலைப்புகள் இத்திட்டத்தில் வராது. சமூகவியல் மாணவருக்கு இது நேரடி அடி. பரோடா அரசின் உதவித்தொகையில் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர், 1916 மே மாதம் அங்கே ஒரு மானிடவியல் கருத்தரங்கில் வாசித்தது இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரை. இன்றைய விதியில் அந்தத் தலைப்பு தள்ளுபடியாகும். இந்த விதி தவறு, நீக்கப்பட வேண்டும். அதுவரை, வேறு தலைப்பைக் காட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு சாதிக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தலைப்பு மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும். நடுவில் பணம் நின்றால் அந்நிய ஊரில் தனியாக நிற்பீர்கள்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் உங்களுக்குப் பொருத்தமானது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம் வரை, 12 லட்சத்துக்குள் என்றால் 24 லட்சம் வரை. நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் இருக்க வேண்டும் என்பதுதான் பலரை விழவைக்கும் இடம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு நிலுவை, இறுதி மதிப்பெண் நிலுவை என்று பல்கலைக்கழகம் ஒரு வரி சேர்த்திருந்தாலும் அது நிபந்தனைக் கடிதம்தான். ஆகவே ஐஇஎல்டிஎஸை விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். சமூகவியலுக்கு 7 கேட்கும் இடங்கள் அதிகம், முடிவு இரண்டு ஆண்டு செல்லும். வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் தாசில்தார் அலுவலகத்தில் புதிதாக வாங்கி வைத்திருங்கள். அந்த ஆண்டு அறிவிப்பில் பாடப் பட்டியலையும் தேதியையும் சரிபாருங்கள்.

இவற்றோடு ஃபீலிக்ஸ் உதவித்தொகையையும் பாருங்கள். ஆக்ஸ்போர்டு, லண்டனின் சோயாஸ் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு, வசதி குறைந்த இந்திய மாணவர்களுக்காகவே உள்ளது.

கேள்வி: பள்ளி முதல் பி.ஏ. வரை தமிழ் வழி. எம்.ஏ. ஆய்வேட்டையும் தமிழில்தான் எழுதினேன். நோக்க அறிக்கையும் எழுத்து மாதிரியும் எப்படித் தயாரிப்பது?
– முதுகலை முடித்தவர், தருமபுரி

பதில்: தமிழில் செய்த களப்பணி உங்கள் பலம். அதை மறைத்து எழுதுகிறவர்கள்தான் தோற்கிறார்கள்.

எழுத்து மாதிரிக்கு முழு ஆய்வேட்டையும் மொழிபெயர்க்க வேண்டாம். அவர்கள் கேட்பது 15 முதல் 25 பக்கம். உங்கள் தரவு அதிகம் உள்ள ஒரே இயலை எடுத்து, அதை ஆங்கிலத்தில் தனிக் கட்டுரையாகப் புதிதாக எழுதுங்கள். முதல் இரண்டு பக்கத்துக்குள் உங்கள் கேள்வியும், உங்கள் விடையும், யாருடைய கருத்தோடு உடன்படவில்லை என்பதும் வந்துவிட வேண்டும். நம் ஆய்வேடுகளில் முதல் நாற்பது பக்கம் வரையறைகளும் முன்னோர் ஆய்வுத் தொகுப்பும்தான். அங்கே அதைப் படிக்க ஆள் கிடையாது. பேட்டி கண்டவர்களின் சொற்களில் முக்கியமானவற்றைத் தமிழ் ஒலியிலேயே கொடுத்து, பொருளை விளக்குங்கள். பிறர் வரியை மேற்கோள்குறி இல்லாமல் எடுத்துப் போட்டால் மென்பொருள் பிடித்துவிடும். அத்தோடு விண்ணப்பம் முடிந்தது. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதி வாங்கிய நடையும், நேர்காணலில் நீங்கள் பேசும் ஆங்கிலமும் பொருந்தாவிட்டால் சந்தேகம் வரும். எளிய ஆங்கிலம் போதும்.

நோக்க அறிக்கை ஆயிரம் சொல். சிறுவயது முதலே சமூகத்தின் மீது அக்கறை என்று தொடங்காதீர்கள். முதல் பத்தியில் ஆய்வுக் கேள்வி, இரண்டாவதில் இதுவரை செய்தது – எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எந்த ஒன்றியத்தில், என்ன முறையில், என்ன எதிர்பாராமல் தெரிந்தது – பிறகு அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், கடைசியில் ஏன் இந்தத் துறை. துறையில் இரண்டு மூன்று பேராசிரியர்களைக் குறிப்பிடலாம். அவர்கள் எழுதியதில் எது உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்று சொல்ல முடிந்தால் மட்டும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். துணைவேந்தரோ முதல்வரோ எழுதிய நான்கு வரியைவிட, களப்பணியில் உங்களைக் கண்ட உதவிப் பேராசிரியர் எழுதும் ஒன்றரைப் பக்கம் மேல். இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் கட்டுரையையும் கடைசித் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அமெரிக்கத் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் விழும். கடிதத்தை அவர்களே பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து ஏற்ற வேண்டும். நம் கல்லூரி ஆசிரியர்கள் பலர் தனி மின்னஞ்சல்தான் வைத்திருப்பார்கள். சில இடங்களில் அதை ஏற்பதில்லை. முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: சமூகவியல் சிறப்புப் பட்டம் முடித்து, மூன்று வருடமாக அரச சார்பற்ற நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். இலங்கையருக்கு என்ன வழி?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எங்கும் கைகொடுக்கும். ஏபிஎஸ் சான்றிதழ் உங்களுக்குத் தேவையில்லை. வேலை அனுபவம் இருப்பதால் பிரிட்டனின் சீவ்னிங் உதவித்தொகை முதல் தெரிவு: 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை விண்ணப்பக் காலம், படிப்பு முடிந்து இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். அடுத்து எராஸ்மஸ் முண்டுஸ்: கட்டணம் முழுவதும், மாதம் 1,400 யூரோவும். ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் குடியேற்ற ஆய்வுப் படிப்பும், கிரனாடா ஒருங்கிணைக்கும் பெண்ணிய ஆய்வுப் படிப்பும் உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும். நோர்வேயில் உறவினர் இருந்தாலும், அங்கே படிப்பு இலவசம் என்று நம்பிப் போகாதீர்கள். 2023 முதல் அங்கேயும் ஐரோப்பியர் அல்லாதவர்க்குக் கட்டணம். கனடா என்றால் ஆய்வேட்டுடன் கூடிய எம்.ஏ.வை மட்டும் பாருங்கள், உதவித்தொகை பெரும்பாலும் அதற்குத்தான்.

கேள்வி: வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தால் இங்கே உதவிப் பேராசிரியர் ஆக நெட் தேர்வு எழுத வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதுகலை மட்டும் என்றால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) வேண்டும். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்துக்கு 2018 யுஜிசி விதிகளில் விலக்கு உண்டு. பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை இந்தியா ஏற்பதாக 2022-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இணை மதிப்புச் சான்றிதழை, வேலை அறிவிப்பு வரும்வரை காத்திராமல், திரும்பி வந்த முதல் மாதமே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் முனைவர் படிப்பு மூன்றாம் ஆண்டு. அடுத்த ஆண்டு மதுரைப் பக்கம் களப்பணி. சொந்த ஊர்தானே, நேராகப் போய்ப் பேட்டி எடுக்கலாமா?
– ஆய்வாளர்

பதில்: கூடாது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேதிக்கு முன் எடுத்த பேட்டி எதையும் ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. ஒப்புதலுக்கு ஒன்றிரண்டு மாதம் ஒதுக்குங்கள். தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் வேண்டும், பேச்சுத் தமிழில். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களுக்கு வாய்மொழிச் சம்மதம் பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நம் கிராமங்களில் கையெழுத்து என்றாலே நிலப் பத்திரமோ கடன் பத்திரமோ என்ற பயம் உண்டு.

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறையமாட்டார். ஊர், சாதி, தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை நான்கையும் எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். சாதி மறுப்புத் தம்பதிகள், நிலத் தகராறு, குடும்ப வன்முறை பற்றிப் பேசியவர்களுக்கு அது உயிர் ஆபத்து. ஊர்ப் பெயரை மாற்றுங்கள், சில விவரங்களைக் கலைத்துவிடுங்கள், ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாமல் அன்றே பல்கலைக்கழகச் சேமிப்புக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழியுங்கள்.

ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க ஐந்து முதல் எட்டு மணி நேரம் ஆகும். தமிழிலேயே எழுதுங்கள், நேராக ஆங்கிலத்தில் எழுதினால் யார் யாரை 'வாங்க' என்றார், யாரை 'வாடா' என்றார் என்பது போய்விடும். உங்கள் ஆய்வுக்கு அதைவிடப் பெரிய சான்று கிடைக்காது. கிளம்பும் முன், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ–20 படிவத்தில் பயணக் கையொப்பம் ஓராண்டுக்குள் போட்டதா என்று பாருங்கள். களப்பணி ஐந்து மாதத்தைத் தாண்டும் என்றால், அது படிப்பின் பகுதிதான் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகம் பதிவு செய்திருக்கிறதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்டு விமானம் ஏறுங்கள்.